பாலாற்றைப் பற்றி எழுதுமுன்



வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் நம் சமுதாயத்தின் வாழ்வோடு பிணைந்தது தோல் தொழில். எத்தனையோ இல்லங்களில் அடுப்பெரிவது அதனால்தான். அதே தொழிலின் கழிவுநீர் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைக் கெடுத்தது என்பதும் மறுக்கவியலாத உண்மை. இவ்விரண்டையும் ஒருங்கே எடுத்துரைக்கும் கட்டுரையொன்றை எழுத எண்ணியுள்ளேன். அதன் அமைப்பை முதலில் உங்கள் முன் வைக்கிறேன்.

கேடு எவ்வாறு நிகழ்கிறது என்பதே தொடக்கமாக அமையும். பச்சைத்தோல் அழுகாதிருக்க உப்பிடுகின்றனர். கழுவும்போது அவ்வுப்பு நீரோடு வெளியேறுகிறது. முன்னர் ஆவாரம்பட்டை போன்றவற்றால் பதனிட்டனர். பின்னர் குரோமிய முறை பரவியது. குரோமியத்தைப் படியவைத்துப் பிரிக்கலாம். கரைந்த உப்போ, வழக்கமான சுத்திகரிப்பில் நீங்குவதில்லை. அதை வடித்துப் பிரித்தாலும் உப்புக்குவியலை எங்கே கொட்டுவது என்ற கேள்வி எஞ்சுகிறது.

அடுத்து, தீர்ப்புகள். 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை இவ்வழக்கில் வலியுறுத்தியது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயனற்றுப்போனதாக அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. 2025 ஜனவரி 30ஆம் நாள் அதே நீதிமன்றம் மீண்டும் இழப்பீட்டுக்கு ஆணையிட நேர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகள் 28!

இறுதிப் பகுதியே கடினமானது. "நம் சோற்றில் நாமே மண்ணைப் போட்டுக்கொள்வதா?" என என் உறவினர் சிலர் வினவுகின்றனர். அவர்கள் ஆலைகளில் உழைப்பவர்கள். அவ்வச்சத்தை அலட்சியம் செய்ய எனக்கு உரிமையில்லை. எனினும், கிணறு கெட்டுப்போன உழவரும் சோற்றுக்காகவே கலங்குகிறார். ஆலைத் தொழிலாளியின் வீட்டாரும் குடிநீரை விலைகொடுத்தே வாங்குகின்றனர். பிறர் நம்மீது சுமத்தும் பழியாக இதனைக் கருதி வாய்மூடியிருப்பின், தீர்வு நம் கையைவிட்டுப் போய்விடும். எனவே எவரையும் தூற்றாமலும், எதையும் மறைக்காமலும் எழுதவே விழைகிறேன்.

ஓர் உதவி தேவை. உங்கள் இல்லத்து முதியோரிடம் கேளுங்கள்: நம் கிணற்று நீரை எந்த ஆண்டுவரை குடித்தோம்? அவ்விடையை ஊர்ப்பெயருடன் எழுதியனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், அவ்விடைகளிலிருந்தே என் கட்டுரை தொடங்கும்.