கரிக்கோடு

மழையில் நனைந்து தியாகதுருகத்து மலைக்கோட்டைப் பாறை கறுத்து நிற்கும்போது எனக்கு அந்தக் கரிக்கோடுகள் ஞாபகம் வந்துவிடும்.

பெங்களூரில் வேலை நடந்த இடத்திலேயே எங்களுக்குக் கொட்டகை. அம்மா சித்தாள். ராத்திரி சோறு வடித்த பிறகு அடுப்புக் கரியை எடுத்து ஹாலோபிளாக் சுவரில் ஒரு கோடு போடுவாள். அரை நாள் என்றால் குட்டைக் கோடு. விடிய விடிய கான்கிரீட் போட்ட நாளுக்கு இரண்டு. சில கோடுகளின் தலையில் புள்ளி இருக்கும். கொத்தனார் வராத அன்று அவளே கரணை பிடித்துப் பூசிய நாள் அது. அம்மா பூசினால் மூலை நூல் பிடித்த மாதிரி நிற்கும். மேஸ்திரி நோட்டில் அன்றைக்கும் சித்தாள் கூலிதான்.

எங்களோடு லாரியில் வந்த கல்வராயன் மலைப் பாட்டி ஜாகிர்தார் காலத்து வெட்டி வேலையைச் சொல்வாள். 1976இல்தான் அந்த ஜாகிர்கள் ஒழிந்தன. "அப்பக் கூலி கெடையாதுன்னு தெரிஞ்சே செஞ்சோம்" என்பாள்.

சனிக்கிழமை செலவுக்கு மட்டும் கொடுப்பார்கள். பாக்கி ஊருக்குப் போகும்போது. "பில் பாஸ் ஆகலம்மா" என்ற மேஸ்திரியை அப்புறம் காணோம். அம்மா கம்பெனி ஆபீசுக்குப் போனாள். "நீ மேஸ்திரி ஆளும்மா, எங்க ஆளு இல்ல." ஏழு மாடிக்கு அவள் சுமந்த கலவை அவர்கள் கட்டடத்தில்தானே இருக்கிறது?

ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் வேலையின் முதலாளியே தர வேண்டும் என்று 1970ஆம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்ததைப் பின்னால் படித்தேன். டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டடங்களில் ஒன்பதே கால் ரூபாய் நாள் கூலியில் ஒரு ரூபாயை ஆள் கொண்டுவந்த ஜமேதார்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த வழக்கில்தான், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அம்மாவிடம் அதை யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 1994இலேயே கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்துவிட்டது. அந்த வாரியத்தின் அட்டை விபத்துக்கும் பிள்ளை படிப்புக்கும் உதவும். அடித்துக்கொண்டு போன கூலியை மீட்டுத் தராது.

கிளம்பும் அன்று கோடுகளை அப்படியே என் கணக்கு நோட்டில் போடச் சொன்னாள். மொத்தம் 112. போன வாரம் அந்த நோட்டு கையில் கிடைத்தது. எண்ணிச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள், "புள்ளி வச்சது எத்தனடா?" என்றாள்.

"பத்தொம்போதும்மா."

"இருவது. தண்ணித் தொட்டி பூசுனத விட்டுட்ட."