எரிந்த வீட்டின் கட்டைகள் அசைகின்றன

நெல்லை சந்திப்புக்கு வடக்கே இருக்கும் தச்சநல்லூரின் பெயரிலேயே தச்சர் இருக்கிறார். அசையும் சிற்பம் என்றால் என்ன என்று அந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் கிறீச்சிட்டபடி ரத வீதியில் நகர்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

பிள்ளைகளைப் பார்க்க சுவிட்சர்லாந்து போகிறவர்கள், பாசல் நகரில் இன்னொரு வகை அசையும் சிற்பத்தைப் பார்க்கலாம். ரைன் ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றில் 1996-ல் திறக்கப்பட்டது டிங்குலி அருங்காட்சியகம். கட்டடத்தை வடிவமைத்தவர் மரியோ போட்டா. உள்ளே இருப்பவை ஜான் டிங்குலி (1925-1991) பழைய இரும்பில் செய்த இயந்திரங்கள். பலவற்றைப் பார்வையாளரே காலால் பொத்தானை அழுத்தி ஓட வைக்கலாம். சக்கரம் சுற்றும், சுத்தியல் தட்டும். குழந்தைகள் சிரித்து மாளாது.

ஒரு அறையில் மட்டும் அந்தச் சிரிப்பு அடங்கிவிடும். அங்கே இருப்பது ‘மெங்கலே மரண நடனம்’.

1985 இறுதியில் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பியவர் டிங்குலி. மறு ஆண்டு ஆகஸ்டில், அவர் வசித்த நெய்ரூஸ் கிராமத்தில் மின்னல் விழுந்து பக்கத்துப் பண்ணை வீடு எரிந்துபோனது. சாம்பலுக்குள் இறங்கி, கருகிய உத்தரங்களையும் வெப்பத்தில் நெளிந்த கருவிகளையும் பொறுக்கி எடுத்தார். அவற்றில் ஒன்று மக்காச்சோள அறுவடை இயந்திரம். அதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர் மெங்கலே. ஆஷ்விட்ஸ் முகாமில் கைதிகள் மீது கொடூரப் பரிசோதனைகள் நடத்திய நாஜி மருத்துவர் யோசப் மெங்கலேயின் குடும்ப நிறுவனம் அது.

தன் உடம்பு கண்ட பயம், பக்கத்து வீட்டுத் தீ, ஐரோப்பாவின் பழைய காயம் மூன்றையும் சேர்த்து அவர் 14 சிற்பங்கள் செய்தார். அந்த அறுவடை இயந்திரம்தான் நடுவில், பலிபீடம்போல நிற்கிறது. மோட்டார் ஓடத் தொடங்கியதும் விலங்குகளின் மண்டையோடுகள் மெல்ல அசைகின்றன. இரும்பு முனகுகிறது. மங்கிய வெளிச்சத்தில் நிழல்கள் சுவரில் ஏறி இறங்குகின்றன. எரிந்து கிடந்த பொருளை அவர் துடைத்துப் பளபளப்பாக்கவில்லை. கரியோடேயே அசைய விட்டார். துக்கத்தை அடக்கி வைக்காமல் வாய்விட்டு அழ விடும் நம் ஊர் ஒப்பாரிக்கு அது ரொம்பத் தூரமில்லை.

திங்கட்கிழமை விடுமுறை. சிற்பங்கள் இடைவெளி விட்டுத்தான் ஓடும் என்பதால் பொறுமையாக நின்று பார்க்க வேண்டும். சின்னக் குழந்தைகளை அந்த அறைக்குள் அழைத்துப் போகும்போது கையைப் பிடித்துக்கொள்வது நல்லது.