வாய்ப்புண் ஜெல்லும் பாப்பாவின் ஈறும்

மெடிக்கல் ஷாப்பில் போய் "அண்ணே, வாய்ப்புண்ணுக்கு ஏதாவது குடுங்க" என்றால் போதும், சின்ன டியூப் ஒன்று கைக்கு வந்துவிடும். டாக்டர் சீட்டெல்லாம் யார் கேட்கிறார்கள்? பெரியவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் துளி தடவிக்கொண்டால் எரிச்சல் அடங்கும், ரசம் சாதமாவது இறங்கும். தப்பில்லை.

அதே டியூப் பல் முளைக்கும் பாப்பாவின் ஈறுக்குப் போகும்போதுதான் வம்பு. இந்த ஜெல்கள் பலவற்றில் இருப்பது கோலின் சாலிசிலேட், அதாவது ஆஸ்பிரினுக்குச் சொந்தக்காரன். வைரஸ் காய்ச்சலில் இருக்கும் குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் ரேய் சிண்ட்ரோம் வரலாம். அபூர்வம்தான், ஆனால் மூளையையும் கல்லீரலையும் தாக்கி உயிரையே எடுக்கக்கூடியது. அதனால்தான் பிரிட்டனில் 2009-ல், 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்த ஜெல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சில டியூப்களில் மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்னும் உண்டு. குழந்தை அதை அளவுக்கு மேல் விழுங்கினால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பும் தடுமாறலாம். (டியூபில் என்ன இருக்கிறது என்று படிக்கத்தான் பூதக்கண்ணாடி வேண்டும்!) பாப்பாவுக்குச் சுத்தமான விரலால் ஈறை மெல்லத் தேய்த்துவிடலாம், குளிர்ந்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுக்கலாம்.

பெரியவர்களுக்கும் ஒன்று. மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணுக்கு, அதுவும் புகையிலை போடுகிறவர் வாயில் என்றால், அடுத்த டியூப் வாங்காமல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.