ஒரே அழைப்பில் இரு பிணைப்புகள்

நிலைப்பிணைப்பு நிரல்பெயர்ப்பின்போது நிகழ்வது. இயங்குநிலைப் பிணைப்பு நிரல் ஓடும்போது நிகழ்வது. இவ்வளவு எழுதினால் தேர்வில் மதிப்பெண் வந்துவிடும். ஆய்வகத்தில் மாணவர்களின் நிரல்களைப் பார்த்துவரும் எனக்கு அந்த மதிப்பெண்ணின்மீது நம்பிக்கையில்லை.

காரணம், ஜாவாவின் 'ஈக்குவல்ஸ்'. 'புள்ளி' என்றொரு வகுப்பை எழுதும் மாணவர், அளபுருவின் வகையை 'ஆப்ஜெக்ட்' என்னாமல் 'புள்ளி' என்றே எழுதுகிறார். இரு புள்ளிகளை நேரே ஒப்பிட்டால் விடை சரி. 'ஹேஷ்கோடு' வழிமுறையும் பழுதில்லை. ஆனால் 'ஹேஷ்செட்'டில் ஒரு புள்ளியை இட்டுவிட்டு, அதே ஆயங்களுடன் புதிதாக ஒன்றை ஆக்கித் தேடினால், இல்லை என்கிறது! பிழைச்செய்தி ஒன்றும் கிடையாது.

ஹேஷ்செட்டின் நிரல் அழைப்பது ஆப்ஜெக்டை ஏற்கும் ஈக்குவல்ஸை. எந்த அளபுரு வகை என்பது நிரல்பெயர்ப்பிலேயே முடிவாகிவிட்டது. ஓடும்போது தேடப்படுவது அவ்வடிவத்தின் மேலெழுதல் மட்டுமே. மாணவர் எழுதியது மேலெழுதலே அன்று. பெயர் மட்டும் ஒத்த வேறொரு வழிமுறை. ஆக, ஒரே அழைப்பில் இரு பிணைப்புகளும் அடுத்தடுத்து நிகழ்கின்றன. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தும் பாடநூல் அட்டவணையில் இதற்கு இடமேயில்லை.

2004இல் ஜாவா 5 தந்த 'ஓவர்ரைடு' குறிப்பை வழிமுறையின் தலையில் இட்டிருந்தால், நிரல்பெயர்ப்பியே தடுத்திருக்கும். வாய்மொழித் தேர்வில் இப்போது நான் வரையறை கேட்பதில்லை; இந்தப் புள்ளி வகுப்பைக் காட்டி, என்ன அச்சாகும் என்று மட்டும் கேட்கிறேன்.