ஆகஸ்டில் வாருங்கள், அத்தை!

"நம்ம ஊருக்கு வர எந்த மாதம் நல்லது?" என்று என் அத்தை கேட்டார். அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவருக்கா இந்தச் சந்தேகம் என்று சிரித்துவிடாதீர்கள், தோழியரே! அவர் கனடாவில் டொரொன்டோ நகரில் குடியேறிப் பல ஆண்டுகளாகின்றன. அங்கே பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை ஜூலை, ஆகஸ்டு மாதங்களில்தான். ஆனால் இந்தியாவில் அது அடைமழைக் காலம் என்று அவர் மகள் எங்கோ படித்துவிட்டாளாம்.

அவர்கள் கடைசியாக வந்தது 2019 ஜூனில். அந்தக் கோடையை நம் பகுதியினர் எளிதில் மறக்கமாட்டார்கள். பூவிருந்தவல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் ஏரி வெடித்துக் கிடந்தது. தண்ணீர் லாரியின் சத்தம் கேட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அத்தை மகளுக்குக் குளிக்க அரை வாளித் தண்ணீர்தான், உடம்பெல்லாம் வேர்க்குரு. "இனி வரவே மாட்டேன்" என்று அழுதபடி விமானம் ஏறினாள்.

பாட்டிக்கு இப்போது 81 வயது. மகளை வரச் சொல்லி அவர் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. ஆண்டுதோறும் மாங்காய் ஊறுகாய் போடும்போது மட்டும் ஒரு ஜாடியைத் தனியே எடுத்து வைப்பார். ஆறு மாதம் கழித்து அதை நாங்களே தின்று தீர்ப்போம்.

வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. "தை, மாசிதான் சுகம். இரவில் 20 பாகைக்கு இறங்கிவிடும்" என்றார் அப்பா. உண்மைதான். ஆனால் அப்போது அத்தை மகளுக்குப் பள்ளி உண்டே! "கிறிஸ்துமசுக்கு வரட்டும்" என்றார் அம்மா. எனக்கு உடனே 2023 டிசம்பர் நினைவுக்கு வந்தது. மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வெள்ளக்காடானது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். 2015 டிசம்பரில் விமான நிலையத்தையே சில நாட்கள் மூடிவிட்டார்கள். இரண்டு வார விடுமுறையில் வருபவர் அப்படி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

மறுநாள் எங்கள் புவியியல் ஆசிரியை அருட்சகோதரியிடம் கேட்டேன். அவர் வரைபடத்தை விரித்து, தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டிவிடுகிறது என்று விளக்கினார். கேரளத்திலும் மும்பையிலும் மழை வெளுத்து வாங்கும்போது நமக்கு மிஞ்சுவது குறைவு. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வங்கக்கடலிலிருந்து வடகிழக்குக் காற்று வீசும்போது பெய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மூன்றில் ஒரு பங்குதான்! அத்தை மகள் படித்தது பொய்யில்லை. நம் ஊரைப் பற்றியதில்லை, அவ்வளவே.

எனக்கு ஒரே மகிழ்ச்சி. பாட்டியும் இரண்டு வரி எழுத விரும்பியதால் பதிலைக் கடிதமாகவே எழுதினேன். ஆகஸ்டில் பகலில் 35 பாகை வெயில் இருக்கும், புழுக்கம் இருக்கும், கடற்காற்று மெரினாவைக் குளிர்வித்துவிட்டுத் தாமதமாகத்தான் அம்பத்தூருக்கு வரும் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் பல நாள் மாலையில் மேற்கே திருவள்ளூர்ப் பக்கம் வானம் கறுக்கும். இடியும் மின்னலுமாக ஆவடியையும் பூவிருந்தவல்லியையும் நனைத்த பிறகே மழை கடற்கரைக்குப் போகும். சில நாள் அங்கே ஒரு துளிகூட விழாது. இந்த ஒன்றிலாவது பட்டணத்தாரை நாம் முந்திக்கொள்கிறோம்! மெல்லிய பருத்தி உடைகளை எடுத்துவரச் சொன்னேன். கொசுவலை இங்கேயே இருக்கிறது.

அடியில் பாட்டி நடுங்கும் கையால் எழுதினார்: "29ஆம் தேதி பெசன்ட் நகர் மாதா கோயிலில் கொடியேற்றம். இருந்து பார்த்துவிட்டுப் போ."

பயணச்சீட்டு வாங்கிவிட்டார்களாம். பாட்டி மாங்காயை நறுக்கி உப்பிலிட்டு மொட்டை மாடியில் காயவைத்திருக்கிறார். இந்த முறை ஒன்றுக்கு இரண்டு ஜாடி. காக்கை விரட்டும் வேலை எனக்கு.

— பதினோராம் வகுப்பு மாணவி