நரைத்தபின் நாடு கடந்தவர்

முதுமைக்குத் திண்ணையே தகுந்த இடம் என்பது உலக வழக்கு. ஆஸ்திரிய நாட்டு இசைப்புலவர் ஹைடனின் வாழ்க்கையோ நமக்கு வேறொன்றை உணர்த்துகின்றது. ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஒரு பிரபுவின் குடும்பத்துக்கு ஊழியஞ் செய்த அவர், 1790-ஆம் ஆண்டின் இறுதியில், தமது 58-ஆம் பிராயத்தில், ஆங்கிலம் பேசப் பழகாதவராய் வியன்னாவினின்று புறப்பட்டார். ஜெர்மானிய நாடுகளைக் கடந்து, கலே துறையிற் கப்பலேறி, 1791-ஆம் ஆண்டுப் பிறப்பன்று இங்கிலாந்து சேர்ந்தார். ஒன்றரை ஆண்டு அங்கே தங்கினார். 1794-இல் மீண்டும் சென்றார்.

புகழ் பெற்ற ஆசிரியர் ஆங்கு மாணவரானார் என்பதே நாம் வியக்கற்பாலது. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் ஹாண்டலின் திருமறை இசைக்காவியங்களைப் பெருங்குழுவினர் பாடக் கேட்டு உள்ளம் உருகினார். அன்று விழுந்த வித்து, 1798-இல், அவரது 66-ஆம் வயதில், ‘சிருஷ்டி’ என்னும் இசைக்காவியமாய்ப் பலித்தது.

பட்டம் பெற்றுக் கல்லூரி வாயிலைக் கடக்கும் நாளே கல்வியின் முடிவென நாம் கருதுதல் தகுமோ? நரைத்த பின்னும் கேட்கச் செல்லும் செவி நமக்கு வாய்க்குமாயின், அதுவே ஆண்டவர் அருளும் பெரும்பேறு.