எங்கள் வானின் லைற் சிமிட்டின கதை

நான் எழுதிப் பழக்கமில்லாதவன். ஓ.எல். சோதனையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அண்மையில் ஒரு பிறந்தநாள் வீட்டில் எங்கள் வானில் நடந்த விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "ஐயோ, எங்கட வானிலையும் இதே கரைச்சல்தான்" என்று மூன்று பேர் சொன்னார்கள். அதில் ஒருவர் கராச்சில் 400 டொலருக்கு மேல் கொடுத்தும் தீரவில்லையாம். அதனால்தான் துணிந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது பழைய மினிவான். வாங்கும்போதே 190,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது. தை மாதத்து ஒரு சனிக்கிழமை இரவு, றிச்மன்ட்கில் பிள்ளையார் கோயிலால் திரும்பி வந்துகொண்டிருந்தோம். 404 ஆல் இறங்கி 401 இல் ஏறி ஸ்காபரோப் பக்கம் திரும்பினதும், வானுக்குள் மேல் லைற் மூன்றும் சிமிட்டத் தொடங்கின. ஒரு குலுக்கத்துக்கு எரியும், அடுத்த குலுக்கத்துக்கு அணையும்.

"இஞ்சையப்பா, லைற் ஏன் மின்னி மின்னி எரியுது?" என்றா மனைவி.

"குளிருக்கு எல்லாம் அப்பிடித்தான்" என்றேன். எனக்கென்ன தெரியும்? ஆனால் ஓட்டுவது பெரும் கஷ்டமாகப் போய்விட்டது. இரவில் உள்ளே லைற் எரிந்தால் கண்ணாடியில் எங்கள் முகம்தான் தெரியும், வெளியே வீதி தெரியாது. முன்னால் ட்ரக், பக்கத்தில் ட்ரக். வீடு வந்து சேரும்வரை ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்ததில் கை விறைத்துப்போச்சு.

திங்கட்கிழமை காலை 5 மணிக்கு வேலைக்குப் போக இறங்கினால் வான் ஸ்ராட் ஆகவில்லை. வெளியே மறை 19 பாகை. திறப்பைத் திருப்ப 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும். முதல் நாள் இரவு 11 மணிக்கு விட்ட வான், இரவு முழுக்க உள்ளே லைற்றை எரியவிட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. ஒரு பல்ப் ஏறக்குறைய 10 வாற் என்று வைத்தால் மூன்றுக்கும் 30 வாற். 12 வோல்ற் பற்றறியிலிருந்து இரண்டரை அம்பியர் போகும். ஆறு மணித்தியாலத்தில் 15 அம்பியர்-மணி. புதுப் பற்றறி என்றால் தாங்கும். எங்களுடையது ஆறு வருடப் பற்றறி. அந்தக் குளிரில் பற்றறியின் பலம் கோடை காலத்தில் இருப்பதில் பாதியளவுக்கு இறங்கிவிடும். இந்தக் கணக்கெல்லாம் பிறகுதான் விளங்கியது. அன்று விளங்கினது ஒன்றுதான்: வேலைக்குப் பிந்திவிட்டது. ஏஜென்சிக்காரர் ரெலிபோனில் ஒன்றும் பேசவில்லை, "ஓகே" என்று வைத்துவிட்டார். ஏஜென்சியில் வேலை செய்தவர்களுக்கு அந்த "ஓகே"யின் அர்த்தம் தெரியும்.

பக்கத்து வீட்டு யமேக்கா நாட்டுக்காரர் கேபிள் போட்டு ஸ்ராட் பண்ணித் தந்தார். அப்படியே கராச்சுக்கு ஓடினேன். அங்கே நின்றவர் கேள்வி கேட்டுக்கொண்டே போனார். நான் "யெஸ், யெஸ்" என்றும் இடைக்கிடை "நோ" என்றும் சொன்னேன். கடைசியில் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். ஏதோ கொம்பியூட்டர் மொடியூல் பழுதாம், மாற்ற 640 டொலர், வரியோடு 723. யோசித்துவிட்டு வருகிறேன் என்று வந்துவிட்டேன். அந்தக் காசுக்கு எங்கள் வீட்டில் வேறு கணக்கு இருந்தது.

அவரில் முழுப் பிழையும் சொல்ல மாட்டேன். "டாஷ்போர்டில் ஏதாவது எழுத்து வந்ததா?" என்று அவர் கேட்டிருக்க வேண்டும். நான் "நோ" என்று சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் எழுத்து வந்ததுதான். ஆனால் அந்தப் பிரச்சினையை நானே தீர்த்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன்! அது என்ன என்று கீழே சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

கராச்சால் வந்து நானே வைத்தியம் பார்த்தேன். லைற் மூடிகளைக் கழற்றி, பல்ப் மூன்றையும் எடுத்து, கடதாசியில் சுற்றி டாஷ் பெட்டிக்குள் போட்டேன். லைற் இல்லை, சிமிட்டலும் இல்லை, பற்றறியும் இறங்காது. 723 டொலர் மிச்சம். மனைவிக்கும் பெருமையாகச் சொன்னேன். இரண்டு கிழமை அப்படியே ஓடினோம்.

ஒரு ஞாயிறு, மகளைத் தமிழ் வகுப்பில் ஏற்றப் போனேன். அவளுக்கு எட்டு வயது. ஏறினவள் உடனே பெல்ற் போடாமல் முன் இருக்கைகளுக்கு நடுவால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, கதவு திறந்திருக்கு."

"இல்லையம்மா, பூட்டித்தானே கிடக்கு."

"இல்லை அப்பா, கார் சொல்லுது. அங்க எழுதிக் கிடக்கு, டோர் அஜார்."

நான் அந்த எழுத்தை ஒரு மாதமாகப் பார்த்தவன். 'டோர்' தெரியும். மற்றதை 'ஏ ஜார்' என்று பிரித்து வாசித்தேன். ஜார் என்றால் ஊறுகாய் ஜார், ஜாம் ஜார். வானில் ஏதோ ஒரு ஜார் காலியாகிவிட்டது, நிரப்பச் சொல்கிறது என்று முடிவுகட்டி, கண்ணாடி கழுவும் நீலத் தண்ணீர்க் கான் ஒன்று வாங்கி முன்னுக்கு ஊற்றினேன். ஊற்றிவிட்டு எல்லாக் கதவையும் பலமாக அடித்துப் பூட்டினேன். எழுத்து மறைந்துவிட்டது! பிறகு வந்தபோதெல்லாம் தண்ணீர் குறைந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தக் குளிர் காலத்தில் எங்கள் வானின் கண்ணாடி போலச் சுத்தமான கண்ணாடி ஸ்காபரோவிலேயே இருந்திராது.

"அது ஒரு ஜார் இல்லை அப்பா. ஒரே சொல்லு. கொஞ்சமாத் திறந்திருக்கிறது" என்று மகள் விளங்கப்படுத்தினாள். எங்கள் ஊரில் அதற்கு நல்ல சொல் இருக்கிறது: நீக்கல். கதவு நீக்கலாய்க் கிடக்கிறது என்று வான் ஒரு மாதமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எழுத்தாலும் சொன்னது, லைற்றாலும் சொன்னது. நான் லைற்றைக் கழற்றி வைத்துவிட்டேன்.

இறங்கிப் போய் வலப்பக்கத்து இழுவைக் கதவைக் கையால் அமத்தினேன். 'டக்' என்று இன்னொரு பல் உள்ளே விழுந்தது. முன்னால் எழுத்து மறைந்தது. அந்தக் கதவோரம்தான் ஐந்து வயது மகனின் இருக்கை.

நான் தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் அச்சு மெசினில் நிற்கிறவன். அந்த மெசினுக்கு முன்னால் ஒரு பாதுகாப்புக் கதவு உண்டு. அது முழுதாகப் பூட்டினால்தான் அச்சு மூடும். கதவில் ஒரு சிறிய சுவிச் இருந்து காவல் பார்க்கிறது. அவசரத்துக்கு அந்தச் சுவிச்சை ரேப் ஒட்டி ஏமாற்றினால், பிடிபட்ட அன்றே வேலை போகும். கை போவதை விட வேலை போவது நல்லது என்றுதான் அந்தச் சட்டம். இதைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். வீட்டுக்கு வந்து என் பிள்ளையின் கதவுக்கு அதே வேலையைச் செய்திருக்கிறேன். அன்று இரவு மனைவிக்கு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த நாள்தான் சொன்னேன். அவ ஒன்றும் பேசவில்லை, போய் மகனுக்குப் பக்கத்தில் இருந்தா.

எங்களோடு வேலை செய்யும் அண்ணை ஒருவர் ஊரில் மினிபஸ் ஓட்டினவர். மதியச் சாப்பாட்டு நேரம் அவரிடம் சொன்னேன்.

"தம்பி, முன் லைற்றும் சேர்ந்து மங்கி மங்கி எரிஞ்சதோ?"

"இல்லை அண்ணை, உள் லைற் மட்டும்தான்."

"அப்ப பற்றறியுமில்லை, ஓல்ரநேற்றருமில்லை. கதவுதான். ஞாயிறு வாறன், நீர் தேத்தண்ணி போட்டு வையும்."

அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான் முக்கியம் என்று நினைக்கிறேன். வெளி லைற், உள் லைற், டாஷ்போர்ட் எல்லாம் சேர்ந்து ஏறி இறங்கினால் பற்றறியின் முனைகள் தளர்ந்திருக்கலாம், வெள்ளைப் பூ பூத்திருக்கலாம், அல்லது ஓல்ரநேற்றர் பழுதாயிருக்கலாம். சின்ன மீற்றர் ஒன்று வைத்துப் பார்த்தால் தெரியும். எஞ்சின் ஓடாதபோது நல்ல பற்றறி 12.6 வோல்ற் அளவில் காட்டும், ஓடும்போது பெரும்பாலான வாகனங்களில் பதின்மூன்றரைக்கும் பதினாலரைக்கும் இடையில் நிற்கும். உள் லைற் மட்டும் சிமிட்டினால் கதவுப் பக்கம் போக வேண்டும். அதற்கு முன் இன்னொன்று: பல வான்களில் டாஷ்போர்ட் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சில்லு ஒன்று ஸ்ரியறிங் அருகில் இருக்கும். அதை மேலே கடைசிவரை உருட்டினால் உள் லைற் எல்லாம் நிரந்தரமாக எரியும். பிள்ளைகள் உருட்டி விளையாடியிருந்தால் வருத்தமே அதுதான், காசே செலவில்லை.

ஞாயிறு அண்ணை வந்து, பல்ப் மூன்றையும் முதலில் திரும்பப் போடச் சொன்னார். "வருத்தக்காரன் வாயைப் பொத்திப்போட்டு என்னெண்டு நோவைக் கேக்கிறது?" என்றார். பிறகு என்னை உள்ளே இருக்கச் சொல்லி, வெளியில் ஒவ்வொரு கதவாக அமத்திக்கொண்டு வந்தார். வலப்பக்கக் கதவில் லைற் போய்ப் போய் வந்தது. கண்டுபிடிக்க இரண்டு நிமிஷம் செல்லவில்லை.

கதவைத் திறந்து பூட்டைக் காட்டினார். அதில் ஒரு கொளுக்கி இருக்கிறது. கதவு வந்து மோதும்போது அது சுழன்று, வானின் உடம்பில் உள்ள கம்பி வளையத்தைப் பிடிக்கும். இரண்டு படியாகப் பிடிக்கும். முதற்படியில் கதவு விழாது, ஆனால் அது முழுப் பூட்டு அல்ல. இரண்டாம் படிக்கு வந்தால்தான் முழுப் பூட்டு. எங்கள் வானைப் போலப் பலவற்றில் லைற்றின் சுவிச்சும் அந்தப் பூட்டுக்குள்ளேயே இருக்கிறது. எங்களுடைய பூட்டில் பழைய கிறீஸ் உப்போடும் மண்ணோடும் சேர்ந்து களியாய் இறுகிக் கிடந்தது. கீழ்த் தண்டவாளத்துக்குள் வீதி உப்புக் கற்கள், ஒரு கிறயன் துண்டு, காய்ந்த கடலை.

இன்னொரு காரணமும் உண்டு. நாங்கள் பேஸ்மென்றில் இருக்கிறோம். இரவு கதவு அடிக்கிற சத்தத்துக்கு மேல்வீட்டம்மா இரண்டு தரம் முறையிட்டவ. அதனால் திருடர் போல மெல்லத் தள்ளிப் பூட்டப் பழகிவிட்டோம். அந்த மெல்லத் தள்ளலுக்கு அழுக்குப் பூட்டு இரண்டாம் படிக்கு வராது.

தண்டவாளத்தைத் தூசு உறிஞ்சியால் இழுத்தோம். மின்தொடுகை துப்புரவாக்கும் ஸ்பிறே ஒன்றைப் பூட்டுக்குள் நன்றாக அடித்து, அழுக்குத் தண்ணீர் வடியவிட்டோம். எஞ்சினை நிறுத்தி, கதவுகளைத் திறந்து வைத்து, பக்கத்தில் சிகரெற் இல்லாமல் செய்ய வேண்டிய வேலை இது. காய்ந்த பிறகு வெள்ளை லிதியம் கிறீஸ். இரண்டும் கார்ச் சாமான் கடையில் 30 டொலருக்குள் முடிந்தது. கதவு திறந்தபடி இருக்க, ஸ்குறூ றைவரால் கொளுக்கியை இரண்டு படியும் சுழற்றிப் பார்த்தார். லைற் அணைந்தது, எழுத்தும் மறைந்தது. இதில் கவனம்: அப்படிச் சோதித்த பிறகு கைபிடியை இழுத்துக் கொளுக்கியை விடுவிக்காமல் கதவைத் தள்ளினால், மூடிய கொளுக்கி கம்பியில் மோதிப் பூட்டே உடையும். நான் தள்ளப் போனேன், அண்ணை கையில் அடித்தார்.

கம்பி வளையத்தையும் மயிரிழை உள்ளே தள்ளினார். முதலில் அது நின்ற இடத்தைப் பென்சிலால் கோடு கீறிவிட்டுத்தான் ஆணியைத் தளர்த்தினார். பிழைத்தால் பழைய இடத்துக்கே வரலாமாம்.

இவ்வளவும் செய்தும் தீராவிட்டால் சுவிச்சோ, கதவுக்குப் போகும் வயரோ பழுதாக இருக்கும். அது கராச் வேலைதான். பியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய பியூஸ் போடுவது, வெள்ளித்தாள் சுற்றுவது எல்லாம் வானை எரிக்கிற வேலை. கராச்சுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், திருத்துவதற்கு முன் எழுத்தில் மதிப்பீடு தரவேண்டும் என்றும், கடைசிக் கணக்கு அதற்கு மேல் 10 வீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் இருக்கிறது. விளங்காத சொல்லை அந்தத் தாளில் எழுதித் தரச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் வாசித்துச் சொல்லும்.

இப்போது கதவு ஒரு விரலால் தள்ளவே போய்ப் பூட்டுகிறது. போன கிழமை மேல்வீட்டம்மா படிக்கட்டில் என்னைக் கண்டு, "நீங்கள் வானை மாத்திப்போட்டியளோ? இரவிலை இப்ப சத்தமே கேக்கிறேல்லை" என்றா.